போகஸ் அந்தப் புள்ள மேல

கோவமா இருக்கனான்னா கேக்கறீங்க? ஆமாங்க, கோவமாத்தான் இருக்கேன். கோபி பஸ் ஸ்டாண்டுல ஏறுனதுல இருந்து மூஞ்சியை இப்படி வெச்சுட்டு உக்காந்திருக்கேன், பக்கத்துல உக்காந்த பாவத்துக்கு நீங்க கேட்டுட்டீங்க. திருப்பூர்தானே? அப்பச் சரி. போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். கேளுங்க. கேட்டுட்டு யார் மேல தப்புன்னு நீங்களே சொல்லுங்க.

எம்பேரு நல்லசிவமுங்க. பனியன் கம்பெனியில முப்பத்தொரு வருசம் செக்கிங் பாத்தவன். தெச்சு வர்ற பீசை மேசையில விரிச்சுப் போட்டு, ஓட்டை இருக்குதா, கறை இருக்குதா, தையல் விட்டிருக்குதான்னு பாக்கற வேலை. என் கை பட்டுப் போன பெட்டி ஒண்ணாவது வெளிநாட்டுல இருந்து திரும்பி வந்திருக்குமுங்களா? வந்ததில்லை. அப்படிப்பட்ட கண்ணுங்க இது. இந்தக் கண்ணுதான் இப்ப எல்லாத்துக்கும் ஆகாத கண்ணாப் போச்சு.

எனக்கு ஒரு சினேகிதன். வெள்ளிங்கிரின்னு பேரு, மெடிக்கல் கடை வெச்சிருக்கான். ஒண்ணாப் படிச்சவங்க. பத்து வருசத்துக்கு முன்னால ரெண்டு பேரும் ஒரே நாள்ல கேமரா வாங்கினோம். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா விடிஞ்சும் விடியாம நஞ்சராயன் குளத்துக்குப் போயிருவோம், பறவை படம் எடுக்க. அவன் வீட்டுல இருந்து இட்லி வரும், எங்க வீட்டுல இருந்து காபி. அப்படியே நாலு பேரு சேந்தாங்க, பத்து பேரு சேந்தாங்க, நாப்பது பேராயிருச்சு. நொய்யல் ஒளிப்பட வட்டமுன்னு பேரு வெச்சு, வெள்ளிங்கிரியைத் தலைவராப் போட்டோம். போடலாமுன்னு சொன்னதே நாந்தானுங்க.

மாசத்துல மொத ஞாயிறு, டுடோரியல் மாடி ஒண்ணுல கூடுவோம். ஆளுக்கு ஒரு படம் திரையில போடோணும், மத்தவங்க அதைப் பத்திப் பேசோணும். அலசல்னு பேரு. பேரு மட்டுந்தான் அலசல். எவனாவது ஒருத்தன் ஆகாத படத்தைப் போடுவான். உடனே ‘அருமைங்க’, ‘சூப்பருங்க’ன்னு கை தட்டுவாங்க. கல்யாண வீட்டுல கை கழுவிட்டு வந்து சாப்பாடு பிரமாதமுன்னு சொல்றாப்பல. நான் ஒருத்தன் மட்டும் எந்திரிச்சு உள்ளதைச் சொல்லுவேன். இது சாய்ஞ்சிருக்குது, இது வெளுத்துப் போச்சு, இந்தக் கொக்குக்குக் கால் எங்க, வெட்டி வித்துட்டியான்னு கேப்பேன். படம் எடுத்தவன் வளரோணுமா வேண்டாமுங்களா?

அதுக்கு வெள்ளிங்கிரி ஒரு சட்டம் போட்டான் பாருங்க. மொதல்ல ரெண்டு நல்லது சொல்லோணுமாம். அப்புறம் குறை ஒண்ணே ஒண்ணு. அதையும் எப்படிச் சரி பண்றதுன்னு சேத்துச் சொல்லோணுமாம். போர்டுல எழுதியே போட்டுட்டான். நான் எந்திரிச்சுக் கேட்டேன்: “ஏப்பா, செக்கிங் மேசையில நிக்கறவன் ‘இந்த பனியன் கலர் நல்லா இருக்குது, கழுத்துப்பட்டி அழகா இருக்குது, முதுகுல மட்டும் ஒரு ஓட்டை’ன்னா சொல்லுவான்?” எல்லாரும் சிரிச்சாங்க. அவன் மட்டும், “நல்லசிவம், இங்க இருக்கறது பனியன் இல்லப்பா”ன்னான். அதுக்கு என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்க, அதுக்கு என்ன அர்த்தம்?

இடையில ஒரு பல் டாக்டர் வந்துட்டு இருந்தாரு, நின்னுட்டாரு. ரிடையரான ஹெட்மாஸ்டர் ஒருத்தர், அவரும் நின்னுட்டாரு. புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரு சேந்து வந்தாங்க, சேந்தே நின்னுட்டாங்க. இந்தக் காலத்துல எவனுக்கும் பொறுமை இல்லைங்க. கத்துக்கோணுமுங்கற எண்ணம் இல்லை.

சரி, விசயத்துக்கு வர்றேன். போன வருசக் கடைசியில ஒரு புள்ள சேந்துச்சு. தாரணின்னு பேரு, இந்தக் கோபிக்காரப் புள்ள. இருபத்தி மூணு வயசு இருக்கும். திருப்பூர்ல ஹாஸ்டல்ல தங்கி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்கு வேலைக்குப் போயிட்டு இருந்துச்சு. யார்கிட்டயோ வாங்கின பழைய கேமரா ஒண்ணு வெச்சிருந்துச்சு. கேள்வி கேக்கற புள்ளைங்க. எனக்குப் புடிச்சிருந்துச்சு, பொய் சொல்லலை.

தை மாசம் எல்லாரும் குளத்துக்குப் போயிருந்தோம். அப்பத்தான் எளவெயில் அடிக்க ஆரம்பிச்ச நேரம். அந்தப் புள்ள ஓடியாந்து, “சார், சார், இதைப் பாத்துச் சொல்லுங்க சார்”ன்னு கேமராவை நீட்டுச்சு. அதாத்தான் வந்து கேட்டுச்சு. அதைக் குறிச்சு வெச்சுக்கங்க. நான் வலியப் போய்ச் சொல்லலை.

பாத்தேன். சொன்னேன். “அம்மிணி, தண்ணி விளிம்பு சாய்ஞ்சு கெடக்குது. கொளத்துத் தண்ணி பூரா ஒரு பக்கமா வழிஞ்சுரும் போல இருக்குது”ன்னேன். தமாசாத்தான். அப்புறம், வானம் வெளுத்துப் போச்சு. ஷட்டர் மெதுவா வெச்சதுல ஆட்டம் கண்டிருக்குது. வலது ஓரத்துல ஒரு குச்சி நுழைஞ்சிருக்குது. எல்லாத்தையும் நட்டநடுவுல வெச்சிருக்குது. இப்படிப் பதினோரு குறைங்க. ஒண்ணு விடாமச் சொன்னேன். இருபது நிமிசம். சொந்தப் புள்ளைக்கே எவன் குடுப்பான் இருபது நிமிசம்? “சரிங்க சார், சரிங்க சார்”னு கேட்டுக்கிட்டு, கேமராவைப் பைக்குள்ள வெச்சுட்டுப் போச்சு.

அப்புறம் வட்டத்துக்கு வரலை. வேலை ஜாஸ்தியா இருக்குமுன்னு நெனச்சேன். வேற என்ன நெனைக்கறது?

சித்திரையில எங்க வட்டத்துக் கண்காட்சி. ஒரு மண்டபத்தைப் புடிச்சு, படங்களைப் பெருசு பண்ணி மாட்டுவோம். நான் வெள்ளைச் சட்டை போட்டுட்டு எம் பொண்டாட்டி லோகநாயகியைக் கூட்டிட்டுப் போனேன். என் படம் மூணு உள்ள இருந்துச்சு, மூணும் கூழைக்கடாப் பறவைங்க. அதைக் காட்டத்தான் கூட்டிட்டுப் போனேன். நுழைவாசல்லயே ஒரு படம். ஆள் உசரம். கறுப்பு வெள்ளை.

நானுங்க!

வாயைத் தொறந்துட்டு, கழுத்தை முன்னால நீட்டி, ஒரு விரலை மேல தூக்கிட்டு நிக்கறேன். எதுத்தாப்பல அந்தப் புள்ள. கேமராவை ரெண்டு கையிலயும் நெஞ்சோட சேத்துப் புடிச்சிருக்குது. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு நிக்குது. கீழ எழுதியிருக்குது: ‘நல்லதுக்குத்தான் சொல்றேன்’. ஒளிப்படம், வெள்ளிங்கிரி.

வர்றவன் போறவனெல்லாம் படத்தைப் பாக்கறான், திரும்பி என்னைப் பாக்கறான். லோகநாயகி ரொம்ப நேரம் நின்னு பாத்தா. பொறகு “உள்ள போலாமுங்களா?”ன்னா. அந்தப் படத்துக்குத்தான் மொதப் பரிசு. கோயமுத்தூர்ல இருந்து ஒரு நடுவரைக் கூட்டியாந்திருந்தாங்க. அவர் எங்கிட்டயே வந்து கை குடுக்கறாரு, “படத்துல இருக்கறது நீங்கதானே, ரொம்ப இயல்பா இருக்கீங்க”ன்னு. எரியற தீயில எண்ணெய்.

பொறுத்துக்கிட்டேனுங்க. அடுத்த மாச அலசல் வரைக்கும் பொறுத்துக்கிட்டேன். பரிசு வாங்கின படத்தைத் திரையில போடறது வழக்கம். போட்டாங்க. நான் எந்திரிச்சேன். சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானே? குறை இருந்தாச் சொல்லோணுமல்ல? ரெண்டு நல்லது எனக்குத் தோணலை, விட்டுட்டேன். குறையைச் சொன்னேன்.

“விரல் ஆடியிருக்குது. பின்னால ஒருத்தன் முதுகு தெரியுது. அதெல்லாம் போகட்டும். அடிப்படையே தப்பு. இந்தப் படத்துல பேசறவன் யாரு? நான். அப்ப போகஸ் எம்மேலதானே இருக்கோணும்? இங்க பேசறவன் மங்கலா இருக்கான். போகஸ் பூரா அந்தப் புள்ள மேல இருக்குது. மொத வருசம் கேமரா புடிக்கறவன் கூட இந்தத் தப்பைப் பண்ண மாட்டான்.”

பின் வரிசையில ஒருத்தன் சிரிச்சான். அப்புறம் ஹாலே சிரிச்சுது. எதுக்குச் சிரிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலை. நான் சொன்னதுல என்ன தப்பு? தொழில்நுட்பப்படி சரிதானே?

வெள்ளிங்கிரி மட்டும் சிரிக்கலை. எந்திரிச்சு நின்னு, “போகஸ் நான் வெச்ச எடத்துலதான் இருக்குது”ன்னான்.

“என்னைக் கேட்டா எடுத்தே?”ன்னேன்.

“பத்து வருசமா ஒருத்தரை ஒருத்தர் கேட்டுட்டா எடுத்தோம்?”

“என்னைக் கேவலப்படுத்தோணுமுன்னே எடுத்திருக்கே.”

“எடுக்கறப்ப நான் உன்னையப் பாக்கலை நல்லசிவம். அந்தப் புள்ளையத்தான் பாத்துட்டு இருந்தேன். வாயில சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. போர்டுல எழுதிப் போட்டனே, அது யாருக்குன்னு நெனச்சே? நாப்பது பேருக்கா? உனக்குத்தாம்பா.”

எனக்கு உச்சந்தலையில ஏறிருச்சு. “குறை இருந்தா எங்கிட்டத் தனியாச் சொல்லோணும்டா! இப்படி ஊர் பாக்க மாட்டறதா? நாலு பேரு முன்னால ஒரு மனுசனைத் தலைகுனிய வெக்கறதா?”ன்னு கத்துனேன்.

“அதையேதான் நானும் கேக்கறேன்”ன்னு சொல்லிட்டு உக்காந்துட்டான்.

என்ன திமிரு பாருங்க! கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியலை, கேள்வியையே திருப்பி விடறான். அன்னைக்கே எழுதிக் குடுத்துட்டு விலகிட்டேன். பத்து வருசம். இட்லி, காபி, குளம், எல்லாம் அன்னையோட முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு நெனச்சேன். நான் ரேசன் கடைக்குப் போயிருந்தப்ப அவன் வீட்டுக்கு வந்து அந்தப் படத்தைக் கண்ணாடி போட்டு லோகநாயகிகிட்டக் குடுத்துட்டுப் போயிருக்கான். வந்து பாக்கறேன், ஹால்ல டிவிக்கு மேல மாட்டியிருக்கா! ஆணி அடிச்சதே அவதானுங்க. இத்தனை வருசத்துல ஒரு ஆணி அடிச்சவ இல்லை.

“எடு அதை”ன்னேன்.

“இருக்கட்டுங்க”ன்னா. “கல்யாணமான நாள்ல இருந்து இந்த மூஞ்சிய நான் ஒருத்தியேதான் பாத்துட்டு இருந்தேன். வர்றவங்களும் பாக்கட்டும்.”

பேச்சைப் பாத்தீங்களா? அதுல பாருங்க, பொள்ளாச்சியில கட்டிக் குடுத்த மக ஆடி நோம்பிக்கு வந்தா. படத்து முன்னால நின்னா. “அப்பா, அந்தப் புள்ள மூஞ்சி எனக்குத் தெரியுமுப்பா”ன்னா. உனக்கெப்படித் தெரியும், அது கோபிக்காரப் புள்ளையாச்சேன்னேன். “அவளைத் தெரியாது. மூஞ்சியைத் தெரியும்”னுட்டு உள்ள போயிட்டா. இதென்ன விடுகதையா? அவ சின்ன வயசுல நல்லா வரைவாளுங்க. மயிலு, தேரு, எல்லாம் வரைவா. நாந்தான் பக்கத்துல உக்காந்து திருத்திக் குடுப்பேன், அழிரப்பரை வெச்சுட்டு. அப்புறம் அவளாவே விட்டுட்டா. படிப்பு ஜாஸ்தியாயிருச்சு.

போன வாரம் சோறு போட்டுட்டே லோகநாயகி கேக்கறா: “ஏனுங்க, அப்படி அந்தப் புள்ள என்னதான் படம் எடுத்திருந்தா?”

“அதா? தண்ணி விளிம்பு சாய்ஞ்சிருந்துச்சு, வானம் வெளுத்து…”

“அது குறைங்க. படத்துல என்ன இருந்துச்சுன்னு கேட்டேன்.”

என்ன இருந்துச்சு? பறவைதான். குளத்துல வேற என்ன இருக்கும். ஆனா என்ன பறவை? பறந்துச்சா, நின்னுச்சா? வலது பக்கம் குச்சி இருந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்குது. குச்சிக்குப் பக்கத்துல என்ன? சோத்துல கையை வெச்சுட்டு யோசிக்கறேன், யோசிக்கறேன், வர மாட்டேங்குது. பதினோரு குறையும் வரிசையா வருது. படம் வரலை. அவ மோரை ஊத்துனா. அந்த மோரை ஊத்துன விதம் இருக்குதே, அது அந்த ஹாலே சிரிச்சதை விட மோசமுங்க.

அதுக்கப்புறம் இதே ரோசனை. எதைத் தொட்டாலும் எரிச்சல். சரி, போய்ப் பாத்துட்டே வந்தறலாமுன்னு, பழைய வாட்ஸ்அப் குரூப்புல இருந்த நம்பருக்குப் போட்டேன். திருப்பூர் வேலையை விட்டுட்டு ஊருக்கே வந்துட்டேன் சார்னுச்சு. வாங்க சார்னுச்சு. அதுதான் இன்னைக்கு வந்தேன். பச்சைமலை அடிவாரத்துல வீடு. அவங்கம்மா காபி குடுத்தாங்க. மரியாதையான குடும்பமுங்க, குறை சொல்ல முடியாது.

“அம்மிணி, அந்தப் படத்தை ஒருக்கா காட்டு”ன்னேன்.

“எந்தப் படம் சார்?”

“நான் பாத்துச் சொன்னனே, குளத்துல.”

“அது இல்லைங்க சார். அன்னைக்கே அழிச்சுட்டேன்.”

எனக்கு வந்துச்சே கோவம்! “ஏன் அழிச்சே? யாரு உன்னைய அழிக்கச் சொன்னது? குறையைச் சரி பண்ணச் சொன்னா, அழிக்கறதா?”ன்னேன்.

அது எந்தச் சங்கடமும் இல்லாம, நல்ல குரல்லயே சொல்லுது: “நீங்கதான் சார் சொன்னீங்க. ‘கார்டுல எடத்தை அடைக்குது, அழிச்சிரு’ன்னீங்க. நீங்க சொன்னது சரிதான் சார். படம் நல்லா இல்லை.”

சொல்லியிருப்பேனுங்க. பேச்சுவாக்குல சொல்றதுதானே. ஆகாத பீசை ஓரமா வீசி வீசிப் பழகின கை. அதுக்காக ஒருத்தர் சொன்னதும் அழிச்சிருவாங்களா? எதுத்துப் பேச வாய் இல்லையா?

“சரி, அதுல என்னதான் இருந்துச்சு?”ன்னு கேட்டேன்.

“நீர்க்காகம் சார். ஈர றெக்கையை விரிச்சுட்டு வெயில்ல காய வெச்சுட்டு நின்னுச்சு. கோணிச்சாக்கை உதறிக் காயப் போட்ட மாதிரி இருந்துச்சா, எனக்குச் சிரிப்புத் தாங்கலை. சிரிச்சுட்டே எடுத்தேன், அதனாலதான் ஆடிப் போச்சு.”

நீர்க்காகம்! குளத்துக்கு வர்றவன் பூரா எடுக்கற படம் அது. ஆனா பாருங்க, கோணிச்சாக்குன்னு அது சொன்னதும் எனக்கும் சிரிப்பு வந்துருச்சு. அந்தச் சிரிப்பு படத்துல இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியலை. நான் பாக்கலை. இனி பாக்கவும் முடியாது. கேமரா எங்கேன்னு கேட்டேன், அண்ணன் புள்ளைக்குக் குடுத்துட்டேன் சார்னுச்சு.

பொறகு நான் வெள்ளிங்கிரி எடுத்த படத்தைப் பத்திக் கேட்டேன். அந்தப் புள்ள கண்காட்சிக்கே வரலை, படத்தைப் பாத்ததில்லையாம். வீட்டுல மாட்டியிருக்கறதை என் போன்ல எடுத்து வெச்சிருந்தேன். எடுத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துச்சு. அவங்கம்மாவும் பின்னால வந்து நின்னு பாத்தாங்க. அந்தம்மா மூஞ்சி மாறுனது எனக்குத் தெரிஞ்சுது. அந்தப் புள்ள சட்டுன்னு சிரிச்சுட்டு, போனை எங்கையில குடுத்துருச்சு.

“நான் அழலை சார். வெயில் கண்ணுல பட்டுச்சு. அவ்வளவுதான்.”

கேட்டீங்களா? வெயில்! எனக்கு மலையை எறக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. கெட்டிக்காரனுகளா, மொதப் பரிசா குடுத்தீங்க? ஹாலே சிரிச்சீங்க? வெயில் பட்டுக் கண்ணு கலங்குனதை எடுத்து வெச்சுட்டு என்னைய ராட்சசன் ஆக்கிட்டீங்களேடான்னு, கோபி பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் மொத வேலையா வெள்ளிங்கிரிக்குப் போன் போடப் போனேன். போடறதுக்கு முன்னால ஒரு தடவை படத்தைப் பாத்துக்கலாமுன்னு தொறந்தேன். பெருசு பண்ணிப் பாத்தேன்.

அந்தப் புள்ள கெழக்கே முதுகைக் காட்டிட்டு நிக்குதுங்க. காலங்காத்தால வெயில். நிழல் அதோட காலுக்கு முன்னால நீளமா விழுந்து கெடக்குது, என் செருப்பு வரைக்கும். முடி ஓரத்துல மட்டும் கோடு கிழிச்சாப்பல வெளிச்சம். மூஞ்சியில ஒரு பொட்டு வெயில் இல்லை. பத்து வருசம் கேமரா புடிச்சவன் நான், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?

கண்ணுல வெயில் படலை. படவே முடியாது.

அப்ப எதுக்கு அப்படிச் சொல்லுச்சு? எனக்காகவா? நான் கேட்டனா? திட்டியிருந்தா நானும் திருப்பித் திட்டிட்டு நிம்மதியா வந்திருப்பேன். காபியையும் குடுத்து, பொய்யையும் சொல்லி, வாசல் வரைக்கும் வந்து “பாத்துப் போங்க சார்”னு… அதுதானுங்க கோவம். வெள்ளிங்கிரிக்கு இன்னும் போன் போடலை. போட்டு என்னன்னு சொல்றது?

ஒருவேளை நான் பாத்ததுல தப்பு இருக்கலாம். வயசாகுதல்ல, கண்ணு முன்ன மாதிரி இல்லைன்னு வெச்சுக்குவோம். இந்தாங்க, போனைப் புடிங்க. நீங்களே பாருங்க. படம் நல்லா இருக்குதா, ஆகாதா, அதெல்லாம் சொல்ல வேண்டாம். வெயில் எந்தப் பக்கம் இருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க.